பந்தில் வென்றவர், பந்தியில் விலக்கப்பட்டவர்
பால்வங்கர் பாலுவின் வாழ்க்கை வரலாறு

தோலின் நாற்றத்தையும் அதன் அருமையையும் ஒருங்கே அறிந்தவர்கள் நாம். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என விரியும் இந்த வட்டாரத்தில், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிய கால்களையும் பச்சைத் தோலைச் சுமந்த தோள்களையும் உடைய முன்னோர் பலர் நம்மிடையே உண்டு. அந்தத் தோல் காலணியாகிக் கடல் கடந்து செல்லும்போது அதனை எவரும் தீட்டு என்று கூறியதில்லை. அதனைப் பதப்படுத்திய கைதான் நெடுங்காலம் தீட்டு என்று ஒதுக்கப்பட்டது.

கிரிக்கெட் பந்தும் தோலால் ஆனதே. தக்கையை நடுவே வைத்து, நூலை இறுகச் சுற்றி, அதன்மேல் சிவப்புச் சாயம் ஏற்றிய தோலைப் போர்த்தித் தையலிட்டு அதனைச் செய்கின்றனர். அந்தத் தோற்பந்தைக் கையில் ஏந்தி, தம் காலத்தில் இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளராக விளங்கியவர் தோல் தொழிலாளர் குலத்தில் பிறந்த ஒருவர் என்பதை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்? அவர் பெயர் பால்வங்கர் பாலு. அவர் கையிலிருந்து வந்த பந்தை மேல்சாதியார் மகிழ்ச்சியோடு பிடித்தனர். அவர் உதடு பட்ட கோப்பையைத் தொட மறுத்தனர். இவ்வெள்ளி விழா மலரில் அப்பெருமகனின் வாழ்க்கையைச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

பாலு 1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தார்வாரில் பிறந்தார். மராட்டிய நாட்டில் சமார் என வழங்கப்பெறும் தோல் தொழிலாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். கொங்கணக் கரையில் உள்ள பால்வண் என்னும் சிற்றூரே குடும்பத்தின் பூர்வீகம்; பால்வங்கர் என்னும் குடிப்பெயர் அவ்வூரால் அமைந்தது. தந்தையார் படையைச் சார்ந்த பணியில் இருந்தமையால் குடும்பம் பூனாவில், அதாவது இன்றைய புனே நகரில், குடியேறியது. பாலுவுக்குப் பின் பிறந்த சிவராம், விட்டல், கணபத் ஆகிய தம்பியர் மூவரும் பிற்காலத்தில் கிரிக்கெட்டில் பெயர் பெற்றனர். ஒரே வீட்டில் நான்கு ஆட்டக்காரர் தோன்றியது எந்தச் சமூகத்திலும் அரிய நிகழ்ச்சியே ஆகும்.

பூனாவில் ஆங்கிலப் படை அலுவலர்கள் கிரிக்கெட் ஆடிய காலம் அது. அவர்கள் பயன்படுத்திக் கழித்த மட்டையும் பந்துமே ஏழைச் சிறுவர்களின் விளையாட்டுக் கருவிகள். பாலுவும் சிவராமும் அவற்றைக் கொண்டே ஆடப் பழகினர். குடும்ப வறுமையால் பள்ளிப்படிப்பு நீடிக்கவில்லை. பாலு முதலில் பார்சிகளின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் திடலைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மாத ஊதியம் 3 ரூபாய். 1892ஆம் ஆண்டளவில் ஐரோப்பியரின் பூனா சங்கத்திற்கு மாறினார். அங்கே ஊதியம் 4 ரூபாய். ஆடுகளத்தைச் செப்பனிடுதல், பயிற்சிக்கு வலை கட்டுதல், கோடிடுதல் ஆகியவை அவர் கடமைகள். ஓய்ந்த நேரத்தில் ஆங்கிலேயர் மட்டை பிடித்துப் பழகுவதற்காக அவர் பந்து வீசலாம்.

அந்த ஓய்ந்த நேரமே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று. கிரெய்க் என்னும் ஆங்கில அலுவலர் இந்தியாவில் அக்காலத்தில் ஆடிய ஐரோப்பியருள் மிகச் சிறந்த மட்டையாளர். அவர் மற்றவர்க்கு முன்பாகவே திடலுக்கு வந்து, பாலுவைப் பந்து வீசச் செய்து பயிற்சி பெறுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் கிரெய்க் அவருக்கு எட்டணா கொடுத்தார் என்று கூறுவதுண்டு. நாள்தோறும் மணிக்கணக்காகப் பந்து வீசியதன் பயனாகப் பாலு இடக்கைச் சுழற்பந்து வீச்சில் தேர்ந்தார். பந்து எங்கே விழவேண்டும் என்று எண்ணினாரோ அங்கே விழும், இருபுறமும் திரும்பும், ஒரே கையசைவில் விரைவு கூடும், குறையும்.

ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. ஆயிரக்கணக்கான பந்துகளை வீசிய அந்த இளைஞருக்கு அத்திடலில் ஒரு நாளும் மட்டை பிடிக்க வாய்ப்பளிக்கப்படவில்லை. பந்து வீசுதல் உழைப்பாளியின் வேலை என்றும், மட்டை பிடித்தல் துரைமார்க்கு உரியது என்றும் அன்று கருதப்பட்டது.

திடலில் ஒரு நீதி, பந்தியில் ஒரு நீதி

பாலுவின் திறமை பூனாவில் பரவியதும், அங்கிருந்த இந்துக்களின் கிரிக்கெட் சங்கத்தார்க்கு ஓர் இக்கட்டு நேர்ந்தது. ஐரோப்பியரை வெல்ல இவர் தேவை. ஆனால் இவர் தீண்டத்தகாதார் எனப்பட்ட குலத்தவர். சங்கத்துள் வாதம் நடந்தது. முடிவில் வெற்றி வேட்கை சாதிக் கட்டுப்பாட்டைச் சிறிது தளர்த்தியது. பாலு அணியில் சேர்க்கப்பட்டார்.

அவர் எவ்வாறு சேர்க்கப்பட்டார் என்பதைக் கேளுங்கள். களத்தில் அவர் தொட்ட அதே பந்தை அந்தணரும் பிறரும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் ஏனையோர் கூடத்தினுள் பீங்கான் கோப்பையில் அருந்த, பாலுவுக்குக் கூடத்தின் வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உண்பதற்குத் தனி இடம், தனித் தட்டு. முகம் கழுவ வேண்டுமெனில் அவர் போன்ற தீண்டத்தகாத பணியாள் ஒருவரே தண்ணீர் வார்க்க வேண்டும். நம் வட்டாரத்துத் தேநீர்க் கடைகளில் தனிக் குவளையைக் கண்ட முதியோர் நம்மிடையே இன்றும் உளர். ஆகவே இதனை விளக்கிக் கூற வேண்டிய தேவை நமக்கில்லை.

இந்நிலையிலும் பாலு தம் வீச்சில் தளரவில்லை. அவர் துணையால் பூனா அணி ஐரோப்பியரை வென்றது. சாத்தாராவுக்குச் சென்று அங்குள்ள வெள்ளையர் சங்கத்தையும் வென்றது. சமூகச் சீர்திருத்தவாதியான நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே அவரைப் பொதுமன்றத்தில் சிறப்பித்ததாகவும், களத்தில் உடன் ஆடுவோர் பந்தியிலும் உடன் அமர வேண்டும் என்று வற்புறுத்தியதாகவும் வரலாற்றாசிரியர் எழுதுவர். மெல்ல மெல்லத் தனிக் குவளை சில இடங்களில் மறைந்தது. ஆயினும் ஒவ்வொரு படிக்கும் ஒரு வெற்றியை அவர் விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்க்குப் பிறப்பாலே கிடைத்த மதிப்பை அவர் விக்கெட்டுகளைக் கொடுத்து வாங்கினார் எனலாம்.

பம்பாயில் பெற்ற புகழ்

1890களின் இறுதியில் பூனாவில் பிளேக் நோய் பரவிய காலத்தில் பாலு பம்பாய்க்குச் சென்றார். அங்கும் இந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்ப்பதற்குச் சிலர் தடை கூறினர். அணித்தலைவர் கீர்த்திகரின் உறுதியால் அத்தடை நீங்கியது. பம்பாய், பரோடா, மத்திய இந்திய இரயில்வேயில் அவருக்கு வேலையும் கிடைத்தது.

1906ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாய் ஜிம்கானாத் திடலில் இந்துக்களுக்கும் ஐரோப்பியர்க்கும் நடந்த ஆட்டம் இந்திய விளையாட்டு வரலாற்றில் ஒரு திருப்பம். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசிக் கிளர்ச்சி ஓங்கியிருந்த நேரம் அது. இந்துக்கள் முதல் ஆட்டத்தில் 242 ஓட்டங்களும் இரண்டாம் ஆட்டத்தில் 160 ஓட்டங்களும் எடுத்தனர். ஐரோப்பியர் 191, 102 என வீழ்ந்தனர். வேறுபாடு 109 ஓட்டங்கள். பாலு முதலில் 3 விக்கெட்டுகளும் பின்னர் 5 விக்கெட்டுகளும் சாய்த்தார். தம்பி சிவராமும் அவ்வணியில் ஆடினார். ஆளும் இனத்தாரை அவர்களுடைய சொந்த விளையாட்டிலேயே ஆளப்படுவோர் வென்றனர் என்று நாடு மகிழ்ந்தது. அவ்வெற்றியை ஈட்டித் தந்ததில் முதன்மையானது ஒடுக்கப்பட்ட குலத்தவர் ஒருவரின் கை.

இங்கிலாந்துப் பயணம்

1911ஆம் ஆண்டு பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங்கின் தலைமையில் அனைத்திந்திய அணி ஒன்று இங்கிலாந்துக்குச் சென்றது. அரசர், செல்வர், பட்டதாரிகள் நிறைந்த அவ்வணியில் பாலுவும் சிவராமும் இடம்பெற்றனர். மன்னர் இளைஞர், சில ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். பழகாத தட்பவெப்பமும் வலிமை மிக்க எதிரணிகளும் சேர, அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது.

அத்தோல்விகளுக்கிடையே தனித்து ஒளிர்ந்தவர் பாலு. அப்போது அவருக்கு வயது 35. தோளில் வலியும் இருந்தது. எனினும் அப்பயணத்தில் அவர் மொத்தம் 114 விக்கெட்டுகளை, ஒன்றுக்கு 18.84 ஓட்டங்கள் என்ற சராசரியில் வீழ்த்தினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு எதிராக ஒரே ஆட்டத்தொடக்கத்தில் 103 ஓட்டங்கள் கொடுத்து 8 பேரை வீழ்த்தினார். லெஸ்டர்ஷயரை இந்திய அணி வென்றபோது 11 விக்கெட்டுகள் அவருடையவை. சாமர்செட் அணியை ஒரே ஒரு விக்கெட் எஞ்சியிருக்க வென்றபோது சிவராம் 113 ஓட்டங்கள் எடுத்து இறுதிவரை நின்றார். இங்கிலாந்துக் குழுக்கள் பாலுவைத் தம் அணியில் சேர்த்துக்கொள்ளத் தயங்கமாட்டா என்னும் அளவுக்கு அங்கு அவர் மதிக்கப்பட்டார்.

ஊர் திரும்பியதும் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தனர். அவ்விழாவின் வரவேற்பு மடலோடு தொடர்புடையவர் ஓர் இளைஞர். அவரே பின்னாளில் நம் மக்களின் வழிகாட்டியாக எழுந்த அண்ணல் அம்பேத்கர். அன்று அவருக்கு வயது இருபதே. தம் குலத்தார்க்கும் உலக அரங்கில் புகழ் உண்டு என்பதை அவ்விளைஞர் கண்ணெதிரே கண்ட முதல் சான்றுகளுள் ஒன்று பாலுவின் வாழ்வு.

கிடைக்காத தலைமை

1907இல் முத்தரப்புப் போட்டியாகவும் 1912இல் இஸ்லாமியரும் சேர நாற்தரப்புப் போட்டியாகவும் பம்பாய்க் கிரிக்கெட் வளர்ந்தது. இந்து அணியில் பாலுவை விட மூத்தவரும் ஆட்ட நுணுக்கம் அறிந்தவரும் இலர். அணித்தலைவர் பதவி அவருக்கே உரியது என்று பலர் கருதினர். 1913இல் தலைவராகத் தேர்ந்த பாய் என்பவரே, இச்சிறப்பு பாலுவுக்குச் சென்றிருக்க வேண்டும் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆயினும் ஆண்டுகள் கடந்தன. தலைமை மட்டும் வரவில்லை. தலைமை என்பது பிறரை ஏவுவது. பந்து வீசத் தகுதியுடையவர் எனினும், மேல்சாதியாரை ஏவத் தகுதியுடையவர் அல்லர் என்று அன்றைய தேர்வுக்குழுவினர் கருதினர் போலும்.

1920ஆம் ஆண்டில் நிலைமை முற்றியது. பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தலைமைக்குத் தகுதி பெற்றிருந்த தம்பி விட்டலும் ஒதுக்கப்பட்டு, அப்பதவி வேறொருவருக்கு அளிக்கப்பட்டது. அப்போது சகோதரர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினர். சாதியின் பெயரால் தாங்கள் புறக்கணிக்கப்படுவதை அறிக்கை வாயிலாக நாட்டுக்குத் தெரிவித்தனர். பொதுமக்களுள் பலர் அவர்கள் பக்கம் நின்றனர். தேர்வுக்குழு பணிந்தது. அடுத்த ஆட்டத்தில் பாய் தலைவராகவும் பாலு துணைத்தலைவராகவும் அமர்த்தப்பட்டனர். தம்பியரும் அணிக்குத் திரும்பினர். பார்சிகளுக்கு எதிரான ஆட்டத்தில் பாய் சிறிது நேரம் களத்தைவிட்டு விலகி நின்றார். பாலு அணியை நடத்தினார். கால் நூற்றாண்டு உழைத்தவர்க்குக் கிடைத்தது அச்சிறு பொழுதே.

ஆனால் திறந்த கதவு மீண்டும் அடைபடவில்லை. 1923ஆம் ஆண்டு விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டே அணி ஐரோப்பியரை வென்றது. மேல்சாதி ரசிகர்கள் விட்டலைத் தோளில் தூக்கிக் கொண்டாடினர். அண்ணன் விதைத்ததைத் தம்பி அறுத்தார் என்பதே உண்மை.

இத்துயரம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கிரிக்கெட்டைப் போன்றே பந்தும் மட்டையும் கொண்டு ஆடும் பேஸ்பால் விளையாட்டில், கறுப்பின மக்கள் 1947 வரை வெள்ளையரின் பெரும் போட்டிகளில் சேர்க்கப்படாமல் தனிப் போட்டிகளிலேயே ஆடி வந்தனர். அவர்களுள் சாச்சல் பெய்ஜ் என்னும் பந்தெறிபவர் தலைசிறந்தவர். அவருக்கு அக்கதவு திறந்தது 1948இல். அப்போது வயது 42. இளமையின் வலிமை முழுவதும் கழிந்தபின், பிறர் களைத்தபோது மாற்றாக வந்து பந்தெறியும் பணியே பெரும்பாலும் அவருக்கு வாய்த்தது. அதிலும் அவர் புகழ் நாட்டினார். நம் பாலுவுக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை இலண்டனில் ஆடியது 1932இல். அப்போது பாலு 56 வயது முதியவர். அவருடைய முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179, சராசரி 15.21 என்னும் கணக்கே அவர் திறமைக்குச் சான்றாக எஞ்சி நிற்கின்றது.

அம்பேத்கரும் பாலுவும்

இனி நாம் சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கலாம். ஆயினும் வரலாற்றை மறைப்பது கல்விச் சங்கத்துக்கு அழகன்று.

1932ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனித்தொகுதி வழங்கப்பட்டதை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். நம் சென்னை மாகாணத் தலைவர்களும் இருவேறு கருத்தினராய் இருந்தனர். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் வாதாடிய இரட்டைமலை சீனிவாசன் ஒருபுறம். கூட்டுத்தொகுதியை ஏற்ற எம்.சி. இராஜா மறுபுறம். பாலு இராஜாவின் பக்கம் நின்று, உடன்பாட்டுக்கு இசையுமாறு அம்பேத்கரை வேண்டினார். அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் இவர்கள் அனைவருடைய கையொப்பமும் உண்டு. அதன்படி மாகாணச் சட்டமன்றங்களில் ஒதுக்கப்பட்ட இடங்கள் 148.

1935இல் அம்பேத்கர் தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்தபோது பாலு அதனை ஏற்கவில்லை. 1937 தேர்தலில் காங்கிரசு பாலுவைப் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். பாராட்டு மடலோடு தொடங்கிய உறவு தேர்தல் களத்தில் எதிரெதிராக முடிந்தது.

பாலு தவறினார் என்று நம்மில் பலர் கூறுவர். நாமும் அம்பேத்கர் சென்ற வழியையே நம் வழியாகக் கொண்டவர்கள். எனினும் பாலுவின் நிலையை எண்ணிப் பார்த்தல் நேர்மையாகும். மண்குவளை மறைந்ததையும், தம்பி தலைவரானதையும், மேல்சாதி இளைஞர் அவரைத் தோளில் சுமந்ததையும் கண்ணாரக் கண்டவர் அவர். ஆகவே இச்சமூகம் மாறும் என்று நம்பினார். அம்பேத்கரோ, கையில் சிறந்த பந்து இல்லாத இலட்சக்கணக்கான மக்களை எண்ணினார். பாலுவைப் போன்ற திறமை வாய்க்காத சாதாரண மனிதனுக்கும் தண்ணீரும் மதிப்பும் உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்றார். வெற்றிக்குப் பரிசாகத் தரப்படும் மதிப்பு வேறு. மனிதனாகப் பிறந்தமையாலே உரிய மதிப்பு வேறு. இவ்விரண்டின் வேறுபாடே அவ்விருவரின் வேறுபாடு.

பாலு 1955ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் பம்பாயில் மறைந்தார். சட்டப்படி தீண்டாமை குற்றமாக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

நாம் பெறும் பாடம்

பாலுவின் வாழ்விலிருந்து நம் இளைஞர் மூன்று செய்திகளைக் கருதுதல் வேண்டும்.

முதலாவது உழைப்பு. 4 ரூபாய் ஊதியத்தில் பிறர்க்காகப் பந்து வீசிய நேரத்தையே அவர் தமக்கான பயிற்சியாக ஆக்கிக்கொண்டார். இரண்டாவது ஒற்றுமை. அவருடைய விக்கெட்டுகள் பெற்றுத் தராத தலைமையைச் சகோதரர்கள் ஒன்றுசேர்ந்து விலகி நின்ற துணிவே பெற்றுத் தந்தது. திறமை கதவைத் தட்டும். ஒற்றுமைதான் அதனைத் திறக்கும்.

மூன்றாவது எழுத்து. பாலு தம் வரலாற்றை எழுதி வைக்கவில்லை. தம்பி விட்டல் மராத்தியில் தம் விளையாட்டு வாழ்க்கையை நூலாக எழுதினார். இல்லையெனில் மண்குவளையும் மறுக்கப்பட்ட தலைமையும் பெரிதும் மறக்கப்பட்டிருக்கும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாடு பாலுவை மறந்தே இருந்தது. 2002ஆம் ஆண்டு இராமச்சந்திர குகா எழுதிய இந்தியக் கிரிக்கெட் வரலாற்று நூல் அவரை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தபோது, தம்பி எழுதிய அந்நூல் பெருந்துணையாயிற்று.

நம் குடியாத்தம் வட்டாரத்திலும் எத்தனையோ பாலுகள் இருந்திருப்பர். தோலைத் தொட்டுப் பார்த்தே அதன் தரம் கூறியவர்கள், பறையிலும் சிலம்பத்திலும் சடுகுடுவிலும் இணையற்றவர்கள், இரவுப் பள்ளிக்குத் தம் திண்ணையைக் கொடுத்தவர்கள் என அவர்கள் பலதிறத்தினர். அவர்தம் பெயர்களை எழுதி வைத்த தம்பியர் இலராதலால் அவர்கள் மறைந்தனர். எழுத்தறிந்த இளைஞர்களே! உங்கள் தெருவில் இன்று வாழும் முதியவர் ஒருவரிடம் சென்று அமருங்கள். அவர் என்ன வேலை செய்தார், எந்தக் குவளையில் அவருக்குத் தேநீர் தந்தனர், யார் அதனை எதிர்த்தனர் என்பதைக் கேட்டு ஆண்டும் பெயரும் தவறாது எழுதி வையுங்கள். நம் சங்கம் உங்களுக்குக் கற்பித்த எழுத்து அப்பணிக்கு முதலில் பயன்படட்டும்.